எண்பது ஓலை

முதல் சொட்டு ரசலையனின் உச்சந்தலையில் விழுந்தது.

அவன் அப்போதுதான் பதில் சொல்ல எழுந்திருந்தான். துடைக்கக் கூச்சமாக இருந்தது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலையைத் துடைத்தால், பயத்தில் வேர்த்துவிட்டது என்பார்கள்.

மேடையில் ஞானம் உபதேசியார் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனிதர்தான். எறும்பைத் தட்டிவிடுவதற்கு முன்னால்கூட ஒரு ஜெபம் பண்ணுவார். ஆனால் ஐந்து ஞாயிறாக எஸ்ரா அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய எஸ்ரா, மறுஜாதிப் பெண்களைக் கட்டியவர்களை வரிசையாக நிறுத்தி, மனைவிமாரை அனுப்பிவிடச் சொன்ன கதை. அதைச் சொல்லிச் சொல்லி, கருங்கல் பக்கத்துச் சின்னச் சபையான இதுதான் எருசலேம் என்று உபதேசியாருக்கே தோன்றிவிட்டது.

கன்னியாகுமரிப் பக்கம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று சந்தையில் மீன் விற்பவர்கள்கூடப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. ஊரில் பிரிவதைப் பற்றிப் பேசியவர் இவர் ஒருவர்தான்.

சபை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியதில் எஸ்ராவுக்கு அகப்பட்டவன் ரசலையன் மட்டுமே. அவன் மனைவி பகவதி, வைகுண்டரைக் கும்பிடும் அய்யாவழிக் குடும்பத்துப் பெண். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அவனோடு வருவாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். பாட்டு தொடங்கினால் உள்ளே இருப்பவர்களைவிட நன்றாகப் பாடுவாள்.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறாயா, இல்லை உன் பேரைச் சபையிலிருந்து வெட்டட்டுமா? இதுதான் கேள்வி. இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது சொட்டு அவன் மூக்கில் விழுந்தது. மூன்றாவதிலிருந்து எண்ண முடியவில்லை. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை ஓவென்று இறங்கிவிட்டது.

கூரை புதுசுதான். போன மாதம் வேய்ந்தது. வழக்கப்படி சபைப் பெண்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று தென்னோலை முடைந்து கொண்டுவந்தார்கள். பகவதியும் எண்பது ஓலை முடைந்து இரண்டு நடையாகச் சுமந்து வந்தாள். அவள் இடக்கைக்காரி. மற்றவர்கள் முடைந்த ஓலையில் பின்னல் வலப்பக்கம் சாயும் என்றால், அவள் ஓலையில் இடப்பக்கம் சாயும்.

அந்நியர் கை கர்த்தருடைய வீட்டைக் கட்டலாகாது என்று உபதேசியார் அந்த எண்பதையும் திருப்பி அனுப்பினார்.

ஓலை குறைந்தது. இருப்பதை வைத்து அகல அகலமாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். மேடைக்கு மேலே மட்டும், உபதேசியாரின் மனைவி ஏசுவடியாள், இது என் பங்கு என்று ஒரு கட்டு ஓலையைக் கொடுத்து நெருக்கமாக வேயச் சொன்னாள். புருஷன் தலை நனையக்கூடாது என்று எந்த மனைவிக்கும் இருக்கும்தானே.

இப்போது சபை நகர ஆரம்பித்தது. முதலில் கமிட்டிக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கௌரவமாக இரண்டடி முன்னால் வந்தார்கள். அப்புறம் கௌரவம் பார்க்க நேரமில்லை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் எல்லாம் கலந்து, முழங்காலும் முழங்கையும் இடிக்க, எல்லாரும் மேடையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டார்கள். சொட்டாத இடம் அது ஒன்றுதான்.

ஜன்னலுக்கு வெளியே பகவதி முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு நின்றாள். ஏசுவடியாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, பிள்ள நனையுது. கேறி வா."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்த ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் தோள் வாய்க்கு நேராக இருந்தது. பகவதி உள்ளே வந்து கூட்டத்தில் ஒட்டிக்கொண்டாள்.

நெரிசலில் ரசலையன் உபதேசியாரின் முகத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தான். இனி ஒளிய இடமில்லை. இரண்டு வாரமாக மனப்பாடம் பண்ணிய பேச்சு முழுவதும் மறந்துபோய், உள்ளது மட்டும் வாயில் வந்தது.

"அவள நான் விடமாட்டேன் உபதேசியாரே. பேர வெட்டணும்னா வெட்டிக்கிடுங்க."

பகவதி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முக்கியமான எதையும் சொல்லுமுன் வானத்தை நோக்கி ஒரு நொடி நிற்பது உபதேசியாரின் வழக்கம். நிமிர்ந்தார்.

ஒரு நொடி ஆயிற்று. இரண்டாயிற்று. அவர் தலை கீழே இறங்கவில்லை.

மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஓலைமேல் ஓலையாக இறுக்கமான பின்னல். அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் வேதத்தைக் குனிந்து பார்த்தார். ஐந்து ஞாயிறும் அவர் தாண்டிப்போன ஒரு வரி அங்கே இருந்தது. எருசலேமிலும் அன்றைக்கு மழைதான். நனைந்து நடுங்கிய ஜனங்கள், மழைக்காலமாயிற்றே, இது ஒரு நாளில் தீருகிற காரியமா என்று எஸ்ராவிடமே கேட்டிருந்தார்கள்.

உபதேசியார் புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அதை அவரால் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

"மழைக்காலமாக்கும். இது ஒரு நாள்ல தீருற காரியமில்ல. இரி மக்கா."

இருக்க எங்கே இடம்? ரசலையன் மேடைப் படியிலேயே உட்கார்ந்தான். பகவதியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உபதேசியார் அப்படி என்னத்தைக் கண்டார் என்று சபை முழுவதும் கழுத்தை வளைத்து மேலே பார்த்தது.

ஏசுவடியாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் பகவதியின் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.