காளிங்கராயன் வாய்க்கால் போதும்

"நான் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

சுப்பையன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். அடுப்படியில் நின்ற மருமகள் ஓவியாவுக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"எங்கங்க மாமா வரலை?"

"அதான், உன்ற ஆம்ஸ்டர்டாமுக்கு."

அவர் ஈரோட்டிலிருந்து அமெரிக்காவில் பிளானோவுக்கு, மகன் இளமாறன் வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம் ஆச்சு. திரும்பும்போது எல்லாரும் ஒட்டுக்காச் சேர்ந்து ஊருக்குப் போவது, வழியில் ஒரே ஒரு ராத்திரி ஆம்ஸ்டர்டாமில் தங்குவது என்று ஏற்பாடு. முழுக்க ஓவியாவின் ஏற்பாடு.

அமெரிக்கா வந்த நாளிலிருந்து அவள் ஊருக்குப் போனதெல்லாம் ஒன்று யாருக்காவது கல்யாணம், இல்லையென்றால் யாருக்காவது ஆஸ்பத்திரி. ஐரோப்பாவை விமான ஜன்னல் வழியாக மேகத்தோடு சேர்த்துப் பார்த்ததுதான். அவளுக்கும் இளமாறனுக்கும் போன வருஷம் அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் ஆசை இது. சாயங்காலம் வாய்க்காலில் படகு, காலையில் பூச்சந்தை, மத்தியானம் விமானம். அவ்வளவுதான்.

"நீங்கதானுங்களே மாமா, 'சரி கண்ணு, ஜம்முனு போலாம்'னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேண்டாம்."

இளமாறன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "ஏம்ப்பா?"

"கால் வலி."

"தினம் பக்கத்துத் தெரு கிட்டுசாமி அங்கிளோட குளத்தைச் சுத்தி சுத்தி வர்றீங்க. அப்ப வலிக்கலையா?"

"இது சமதரை. அங்க கல்லு ரோடு."

"அதுக்குத்தானுங்க மாமா புது ஷூ வாங்கினோம். நீங்களே ஹால்ல போட்டு நடந்து நடந்து பழகினீங்க."

"அதை ஊர்ல போட்டுக்கறேன்."

"லிஃப்ட் இருக்கற ஓட்டலா தேடித் தேடி புக் பண்ணுனேன். படகுல உங்களுக்கு ஜன்னலோரம் சீட்டு..."

"தண்ணி ஓடறதைப் பாக்க அவ்வளவு தூரம் போகோணுமா? எனக்கு நம்ம ஈரோட்டுக் காளிங்கராயன் வாய்க்கால் போதும்."

ஓவியாவின் முகம் சுண்டிப்போனது.

பெரியவர் அதோடும் விடவில்லை. "கிட்டுசாமி அதே வாரம் கிளம்பறான். தோஹா வழியா கொச்சி. ஏர்போர்ட்டை விட்டு வெளிய போற வேலையே இல்லை. துணைக்கு ஆள் வேணும்னு அவன் மகன் சபரி குரூப்புல போட்டிருக்கான். நான் வர்றேன்னு சொல்லிட்டேன்."

இந்த ஊரில் அது ஒரு வழக்கம். அப்பா அம்மாவைத் தனியாக விமானம் ஏற்றுகிறவர்கள், அந்த விமானத்தில் தமிழ் பேசுகிறவர் யாராவது போகிறார்களா என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பார்கள். ஆனால் மகன் குடும்பமே கூட வரும்போது வேறு துணை தேடிப் போகிற மனுஷனை யாரும் பார்த்ததில்லை.

"ஊர்ல என்னப்பா நினைப்பாங்க? அப்பனைக் கழட்டி விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டான்னு பேசமாட்டாங்களா?"

"நான் சொல்லிக்கறேன்."

"உங்க பிடிவாதம் இருக்கே..."

"இருக்கட்டும்."

மூன்றாவது படிக்கிற பேத்தி அதிதி சீரியல் கிண்ணத்திலிருந்து தலை நிமிரவில்லை. "ஜஸ்ட் லெட் ஹிம் கோ, மாம்."

சுப்பையன் கை கழுவிவிட்டு வந்து ஓவியா எதிரில் நின்றார்.

"ஏங்கண்ணு, நான் வரலைன்னா நீயும் போகப்போறதில்லையோ? அதுக்குத் தைரியம் பத்தாதோ?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா? நீங்க வந்தாலும் போறோம், வராட்டியும் போறோம். மாறன், உங்கப்பா டிக்கெட்டை மாத்து. அந்த ஜன்னலோர சீட்டுல நானே உக்காந்துக்கறேன்."

"அப்படிச் சொல்லு."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். புது ஷூ வாசலில் அப்படியே இருந்தது.

குளக்கரையில் கிட்டுசாமி காத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுங்ண்ணா?"

"டிக்கெட்டை மாத்தச் சொல்லியாச்சு. நீயும் நானும் ஒட்டுக்கா போறோம்."

சடுகுடுவில் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டவர் மாதிரி இருந்தது சுப்பையன் முகம். கிட்டுசாமிக்கு அது பிடிக்கவில்லை.

"எனக்குத் துணை கிடைச்சது நெம்ப சந்தோசமுங்க. ஆனா அந்தப் புள்ள ஆசை ஆசையாக் கூப்புட்டுதுங்களே. ஒரு ராத்திரிதானே? போயிட்டு வந்தா என்னங்ண்ணா கொறைஞ்சு போயிரும்? வயசாக ஆக நமக்கு வீம்புதான் ஏறுது."

சுப்பையன் நடந்தார். வாத்துகளைத் தாண்டி, மரப்பாலத்தைத் தாண்டி, பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"போன வாரம் உன் மகன் சபரிகிட்ட ஒண்ணு கேட்டேன், கிட்டு. அவங்க மூணு பேருக்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட். ஆம்ஸ்டர்டாம்ல இறங்கினா நேரா ஊருக்குள்ள போயிரலாம். என்னுது இந்தியப் பாஸ்போர்ட். ஏர்போர்ட்டை விட்டு வெளிய போக அதுக்குத் தனியா விசா வேணுமாம். நாம கிளம்பறதுக்குள்ள வாங்க வழியில்லையாம். புது பாஸ்போர்ட் வந்த குசியில ரெண்டு பேருமே அதை மறந்துட்டாங்க."

கிட்டுசாமி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அட, அதைச் சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்கு உங்க மேல இத்தனை கோவம் வந்திருக்காதுங்களே?"

"வந்திருக்காது. 'பாவம், மாமாவை ஏர்போர்ட்டுல உக்கார வெச்சுட்டு நாம மட்டும் எப்படிப் போறது'ன்னு அத்தனையும் கேன்சல் பண்ணிப்போட்டிருக்கும். என்மேல கோவமா இருந்தாத்தான் அந்தப் புள்ள படகு ஏறும்."