பதினேழாம் எண் பிள்ளை

“யானையில் தண்ணீர் இருக்கிறது” என்று படித்தாள் சிறுமி.

கூடமே கொல்லென்று சிரித்தது. அட்டையில் இருந்தது பானை.

தேர்வு நடத்த வந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். மூன்று மாதத்துக்கு முன், பயிற்சியின் முதல் நாள் அவரே வந்து சோதித்துப் போட்ட குறிப்பு. அதில் பிள்ளையின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ‘பதினேழு: எழுத்தில் தடுமாற்றம்.’

“அன்னிக்கும் தடுமாற்றம், இன்னிக்கும் தடுமாற்றம். பதினேழுக்கு யாருங்க வாத்தியார்?”

கடைசி வரிசையிலிருந்து வண்டி மெக்கானிக் எழுந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை.

மொத்தம் இருபது பேர். தையல்கார அக்கா, பால் பூத்துக்காரர், கூரியர் பையன் என்று எல்லாருமே பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மாலையில் தங்கள் தெருவில் படிப்பு ஏறாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப் பழகுகிறவர்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை. இன்று கடைசித் தேர்வு. தேறியவர் தெருவில் நாளையே மாலை வகுப்பு திறக்கும். தேறாதவர் தெருவுக்கு இந்த வருஷம் வகுப்பே இல்லை.

காலையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் கடகடவென்று படிக்கப் படிக்கக் கைதட்டல் ஓயவில்லை. தையல்கார அக்காவின் பையன் ஒரு முழுக் கதையைப் படித்தபோது அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தக் குஷியில்தான் இந்த யானை வந்து நின்றது.

“மூணு மாசம் என்ன பண்ணினீங்க?”

“சொல்லிக் குடுத்தேன் மேடம்.”

“யானைக்குள்ள தண்ணி இருக்குன்னா?”

மறுபடி சிரிப்பு. பால் பூத்துக்காரர் பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னார்: “நட்டு போல்ட்டைத் திருகுற மாதிரி பிள்ளை காதைத் திருகியிருப்பாரு. படிப்பு எப்படி வரும்?”

மெக்கானிக் அவரை ஒரு முறை முறைத்தார். வேறொரு நாளாக இருந்தால் சட்டைக் காலரைப் பிடித்திருப்பார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

“நடுவுல பிள்ளையை மாத்தக் கூடாதுன்னு எதுக்குச் சொன்னோம்?” தேர்வு அம்மா விடவில்லை. “ஒரே பிள்ளை மேல முழுக் கவனம் இருக்கணும்னுதான். மாத்தினவங்க பேரை அடிச்சுடுவேன்னும் சொல்லியிருக்கேன். ஒரே பிள்ளையை வெச்சுக்கிட்டே உங்களால முடியலையே.”

மெக்கானிக் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

“திட்டுறதை அப்புறம் மொத்தமா வாங்கிக்கறேன் மேடம். இந்தப் பாப்பாவுக்கு ப-வும் ய-வும் ஒண்ணாவே தெரியுது. நானும் எழுதிக் காட்டினேன், கல்லை அடுக்கிக் காட்டினேன், ஏறலை. எப்படிப் பிரிச்சுக் காட்டுறதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“இது பரீட்சைங்க. பாடம் இல்லை.”

“பரீட்சை நடக்குற இடத்துல ரெண்டு நிமிஷம் பாடம் நடந்தா கட்டடம் இடிஞ்சா விழும்?”

“நேரம் இல்லை.”

“சரி, ஒரு நிமிஷம். அதுக்குக் கீழே என்னால இறங்க முடியாது.”

தேர்வு அம்மாவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. சாக்பீஸை எடுத்தார். பலகையில் இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதி, சிறுமியின் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டினார்.

“நிக்கிற கம்பை எண்ணு கண்ணு. இதுல எத்தனை?”

“ரெண்டு.”

“ரெண்டு கம்பு இருந்தா ப. இதுல?”

சிறுமி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். “மூணு. இது ய.”

“இப்போ அட்டையைப் படி.”

சிறுமி அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். உதடு அசைந்தது.

“பானையில்... தண்ணீர்... இருக்கிறது.”

அடுத்த அட்டை. “பல்.” அடுத்தது. “பயம்.” அடுத்தது. “பாயசம்.” ஒன்றிலும் தப்பவில்லை. பால் பூத்துக்காரர்தான் முதலில் கை தட்டினார். பிறகு கூரை பெயர்கிற மாதிரி எல்லாரும். தையல்கார அக்கா ஓடிவந்து சிறுமியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

மெக்கானிக் எதையும் கவனிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார்: ‘ப இரண்டு கம்பு, ய மூன்று கம்பு.’

அதைப் பார்த்ததும் தேர்வு அம்மாவுக்குக் கோபம் திரும்பிவிட்டது.

“ஒரு நிமிஷத்துல பிடிச்சுக்கிற பிள்ளை. இதை மூணு மாசம் இப்படியே உக்கார வெச்சிருக்கீங்க. உங்க தெருவுக்கு வகுப்பு தர எனக்கு மனசு வரலை.”

“இன்னும் பத்தே நாள் குடுங்க மேடம். இதுவும் படிச்சுடும்.”

“மூணு மாசத்துல முடியாததா பத்து நாள்ல முடியும்?”

தேர்வு அம்மா சிவப்புப் பேனாவைத் திறந்து, பதினேழாம் எண்ணின் மேல் வைத்தார்.

சிறுமி அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“மாமாவைத் திட்டாதீங்க டீச்சர். முதல் நாள் நீங்க பார்த்தது நான் இல்லை, எங்க எதிர்வீட்டு அக்கா. அவங்க இப்போ கதைப் புத்தகமே படிக்கிறாங்க. எனக்கு எழுத்து ஏறலைன்னு உங்ககிட்ட வழி கேக்கத்தான் மாமா அவங்களை விட்டுட்டு என்னைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த அக்காவோட சேர்த்து ஆறு பேர் மாமாகிட்ட படிச்சு முடிச்சுட்டாங்க. நான் ஏழாவது, போன வாரம்தான் வந்தேன்.”