மாடிக்கு அனுமதி

மகன் கல்யாணத்துக்கு முன் மாடி எழுப்ப நகராட்சிக்குப் போனேன். வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் தேவை என்றது அங்கிருந்த இயந்திரம்.

"உங்கள் மகள் பூங்கோதையின் சம்மதம் வரவில்லை, ஐயா."

ஊரார் முன் என்னைத் தலைகுனிய வைத்து ஓடிப்போனவளிடம் நான் கையேந்துவதா?

"அவ செத்துட்டா."

குடும்பத் தலைவரின் சொல்லே போதும் என்பது இப்போதைய சட்டம். உடனே அனுமதி கிடைத்தது.

தளம் போட்ட அன்று பூங்கோதை வாசலில் வந்து நின்றாள், நிறைமாத வயிற்றோடு.

"அப்பா, வலி எடுத்துடுச்சு. செத்தவங்க கணக்குல இருக்கேன்னு எந்த ஆஸ்பத்திரியிலயும் சேர்க்க மாட்டேங்குறாங்க. உயிரோட இருக்கேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்பா."

சொன்னால் அனுமதி ரத்தாகிவிடும். அது போகட்டும். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை மாற்றியவர் கிடையாது.

மேஸ்திரி அந்தோணி வேலையை நிறுத்தினார். "ஐயா, பாப்பா நிக்க முடியாம நிக்குது."

"எனக்கு ஒரே பிள்ளை, மேஸ்திரி. கலவை இறுகுறதுக்குள்ள ஏத்தச் சொல்லுங்க."

அவள் மணல் குவியலில் சாய்ந்துவிட்டாள். சித்தாள்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து கலவையை மேலே ஏற்றினார்கள்.

தளம் எங்கும் விரிசல் இல்லாமல் அமைந்தது.