அதட்டாமல் அழைத்து வரவும்

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு காலிப் படகு தானாகவே கரைக்கு வந்து முட்டியது. அதன் இருக்கையில், ஈரமாய் ஒரு சிவப்புச் சால்வை.

இணை இயக்குநர் குனிந்து உற்றுப் பார்த்தார். மனைவி காலையில் போர்த்தியிருந்ததும் சிவப்புதான்.

சற்றுமுன் இதே படகுத்துறையில் மனைவியிடமும் இரண்டு மகள்களிடமும், “நான் பக்கத்துல இருக்கும்போது உங்களுக்கென்ன பயம்?” என்று சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நல்ல இடம் பார்க்க நாலடி நகர்ந்தார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. மலையைக் காணோம், ஏரியைக் காணோம், அவர்களையும் காணோம். அவருடைய கைபேசி மனைவியின் பைக்குள்.

அவர் சாதாரண ஆள் இல்லை. பேரிடர் மீட்புத் துறையில் இணை இயக்குநர். ‘பதறாதே, நின்ற இடத்திலேயே நில்’ என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேசிக் கேடயங்கள் வாங்கியவர். இப்போது அந்தத் தலைப்பே அவருக்கு ஞாபகம் வரவில்லை. சால்வையை அள்ளிக்கொண்டு ஓடினார்.

வழியில் ஒலிபெருக்கி கரகரத்தது. மனைவி இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா காதை மூடியிருந்ததால் பாதிதான் கேட்டது.

“...தனியா விட்டா பயம். பார்த்தவங்க அதட்டாம, ஏதாவது இனிப்பு கொடுத்து, ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க. ‘நான் தொலையலை’ன்னு அடம்பிடிக்கலாம். நம்பாதீங்க.”

“பிள்ளையைத் தொலைச்சுட்டு மைக்கில கத்துதுங்க! பொறுப்பில்லாத ஜனங்க!” என்று பல்லைக் கடித்தார். அந்தப் பல்லும் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

ராட்டினத்தடியில் தேடினார். குட்டி ரயிலில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, நாலு குழந்தைகளை அழ வைத்தார். காட்சிமுனையில் வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கீழே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. மகள்களைக் கூப்பிட வாயைத் திறந்தார்; காற்றுதான் வந்தது.

அறிவிப்பு அறைக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே விழுந்தார். மைக் முன்னால் ஒரு பெண் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“உடனே ஏரியில ஆளை இறக்கும்மா! என் சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க... இதோ, அவ சால்வை!”

அவள் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். “இது எங்க படகு சீட்டுத் துணி சார்.”

“அப்ப அவங்க எங்க? மூணு பேரும் தொலைஞ்சு போயிட்டாங்க! நான் யார் தெரியுமா? மீட்புத் துறை... இணை...” கண்ணீர்தான் வந்தது.

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு மறுபடியும் தலையைப் பார்த்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து, உறையைப் பிரித்து, அவர் கையில் வைத்தாள்.

“பயப்படாதீங்க சார். முதல்ல இதை வாயில போடுங்க.”

“என்ன விளையாடுறியா? நானா தொலைஞ்சேன்? நான் தொலையலைம்மா! அவங்கதான்...”

அவள் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“பச்சைக் குல்லா கிடைச்சாச்சு. வீட்டம்மா வந்து கூட்டிட்டுப் போங்க.”