டீக்கணக்கு

"மூணு மாசமா சேமிப்புப் பணமே கட்டலையே, தமிழரசு! பொண்ணை நர்சிங் சேர்க்கணும்னு சொன்னதெல்லாம் என்னாச்சு?"

நிதி ஆலோசகர் ஹேமநாதன் வருத்தமாகத்தான் கேட்டார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு அவர் சொல்வதுதான் வேதவாக்கு.

"இன்னா சார் பண்றது? அல்லாம் டீயால வந்த வினை," என்றார் தமிழரசு.

ஹேமநாதனுக்குக் குஷி பிறந்துவிட்டது. டீ அவருடைய அபிமானப் பாடம். சொந்தக் காசில் அவர் டீ குடித்ததாகச் சரித்திரமே இல்லை.

"வெளியில டீ, பஜ்ஜியை விடுங்கன்னு கம்பெனி கம்பெனியா கூட்டம் போட்டுச் சொன்னேன். இன்னைக்கு எஸ்டேட்ல எல்லாரும் வீட்டுலேர்ந்து ஃபிளாஸ்க் கொண்டு வர்றாங்க. உங்களுக்கு மட்டும் நாக்கு அடங்கலையா?"

"நான் டீயே குடிக்கிறதில்ல சார்."

"பின்னே?"

"அல்லாரும் ஃபிளாஸ்க்க தூக்கிகினு வந்துட்டா, என் பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது?"

"உங்க பொழப்பா? நீங்க சொந்த பிசினஸ்னுதானே சொன்னீங்க?"

"ஆமா சார். எஸ்டேட் பஸ் ஸ்டாண்டாண்ட டீக்கடை."

ஹேமநாதன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாங்க, உங்க கடைக்கே போலாம். எனக்கு ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி."

"உங்களாண்ட காசு வாங்குவனா சார்?"

"யோவ், வாங்கித்தான் ஆகணும்! நர்சிங் ஃபீஸை அப்புறம் யார் கட்டுறது?" என்றவர், சரித்திரத்தைத் திருத்தப் போகிற துணிச்சலோடு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.