உதட்டுக்குள் இருந்த காயம்

பல் டொக்டர் லிண்டா சிறுமி நதாவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

உதட்டை ஈறோடு பிடித்திருக்கும் மெல்லிய சதை கிழிந்து கிடந்தது.

விழுந்த பிள்ளைக்கு மூக்கிலோ நாடியிலோ ஒரு சிராய்ப்பாவது இருக்கும். நதாவின் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. அழவிடாமல் யாரோ வாயைப் பொத்தி அழுத்தியிருக்க வேண்டும்.

"நான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தேன் மிஸ். தண்ணிப் பீலிக்கிட்ட வழுக்கி விழுந்துட்டாளாம்" என்றாள் தாய்.

லிண்டா நம்பவில்லை. வரிசையில் தம்பியோடு நின்றபோதே இந்தப் பெண், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்ததையும், கண்டபடி ஏசியதையும் அவள் பார்த்திருந்தாள். இப்படியும் ஒரு தாயா என்று பற்றிக்கொண்டு வந்தது.

நதா ஊசிக்குக்கூட அசையவில்லை. கதிரையில் வாயை அகலத் திறந்தபடியே கிடந்தாள்.

எத்தனையோ பேர் நமக்கேன் வம்பு என்று இருந்துவிடுவார்கள். லிண்டா அப்படி இருக்கவில்லை. உடனே சிறுவர் பாதுகாப்பு அதிகாரியை அழைத்தாள். அவர் வந்து, தாயை விசாரணைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அதுவரை பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்டார்.

"தாய்மாமன் வந்திருக்கிறாரே" என்று லிண்டாதான் சொன்னாள்.

தாய்மாமன் என்றால் நம்மவர்களுக்குப் பாதித் தகப்பன். காது குத்தக்கூட அவன் மடிதான் வேண்டும். அதிலும் இந்த ஸ்ரீதரன், தேய்த்த சட்டையும் அடங்கிய பேச்சுமாக, அக்காவுக்கும் சேர்த்து வெட்கப்படுகிறவன்போலத் தலை குனிந்து நின்றான்.

தாய் மகளைக் கட்டிக்கொண்டு கத்தினாள். காவலாளி வந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. லிண்டாவுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"நீங்க யோசிக்காதீங்க மிஸ். எப்பவும்போல நானே பாத்துக்கிறேன்" என்றான் ஸ்ரீதரன்.

எவ்வளவு நல்ல மனுஷன் என்றுதான் அப்போது தோன்றியது.

கையைக் கழுவிவிட்டு லிண்டா ஜன்னலருகே வந்தாள். கீழே ஸ்ரீதரன் நதாவைக் கலஹா போகும் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அமர்ந்து, அவள் முன்நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினான்.

ஊசிக்கும் மூடாத வாயை நதா இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது.