பிஸ்டனின் இடது கால்

"ஆடாம நில்லுடா சனியனே!"

ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையில் கிழட்டு நாயின் இடது முன்னங்கால். மிஸஸ் தோர்லி வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், அவருக்குத் தெரியாமல், அவர் நாய்க்கே கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிரஷ்ஷை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

இன்னும் அரை மணியில் சினிமாக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சினிமாவால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் எங்கள் விமானப்படைப் பிரிவு என்ன செய்தது என்று படம் எடுக்கிறார்கள். இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில், அதே பழைய விமானத்தளத்தில். அன்றைக்கு மெக்கானிக்காக இருந்த என்னை விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

படத்தில் எங்கள் பிரிவின் செல்ல நாய் பிஸ்டன்தான் பாதிக் கதாநாயகன். விமானி டெரிக் தோர்லி குண்டு வீசப் போகிறான், திரும்பவில்லை. பிஸ்டன் மூன்று நாள் பட்டினியாக ஓடுதளத்தில் உட்கார்ந்து ஊளையிடுகிறது.

ஊளையாவது, மண்ணாவது! பிஸ்டன் தரையில் இருந்தால்தானே ஊளையிட?

டெரிக் அதை ஒளித்து விமானத்தில் கூட்டிப் போவான். விதிப்படி தப்பு. ஆனால் நாய் கூட வந்தால் ராசி என்று அவன் விமானத்தில் ஏழு பேரும் நம்பினார்கள். கடைசித் தடவை அதைத் தூக்கி உள்ளே விட்டதே நான்தான். ஏழு பேரும் வரவில்லை. நாயும் வரவில்லை.

ஒரு வாரத்தில் டெரிக்கின் அம்மாவிடமிருந்து கடிதம். 'என் மகனின் நாயை எனக்குத் தருவீர்களா? எனக்கு வேறு யாரும் இல்லை.'

நாயும் போய்விட்டது என்று எந்தக் கையால் எழுதுவது? மெக்கானிக்குகள் நாலு பேர் ஊரெல்லாம் அலைந்து, அதே ஜாடையில் ஒரு கறுப்பு நாயைப் பிடித்தோம். ஆனால் இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை. பிஸ்டன் உடம்பில் மருந்துக்குக்கூட வெள்ளை கிடையாது. விமானத்தின் அடிவயிற்றுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டையே இரண்டு கோட் அடித்து, கொண்டுபோய்க் கொடுத்தோம். மிஸஸ் தோர்லி அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் டெரிக்கின் நினைவு நாளுக்கு நாலு பேரும் போவோம். ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கேக் செய்து வைத்திருப்பார். நாயின் கால் கறுப்பாகவே இருக்கும். "நம்ம பெயிண்ட்னா சும்மாவா!" என்று எங்களுக்குப் பெருமை வேறு. முடி உதிர்ந்து புதுசாக முளைக்கும் என்கிற அறிவு நாலு மடையர்களில் ஒருவனுக்கும் இல்லை.

இன்றைக்குப் படத்து நாயையும் 'அசல்' நாயையும் சேர்த்து நிறுத்தி, பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கப் போகிறார்களாம். டைரக்டர் கையில் பிஸ்டனின் பழைய போட்டோ இருக்கிறது. பயத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னாடியே ஓடி வந்தேன். பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை, சொல்லாமல் வந்தது. வந்து பார்த்தால், கால் பால் மாதிரி வெள்ளை! நல்லவேளை, சைக்கிளில் பெயிண்ட் டப்பா இருந்தது.

கதவு திறந்தது.

"லென்? என்னப்பா பண்றே?"

டப்பா கவிழ்ந்து என் பேன்ட்டெல்லாம் கறுப்பு.

"சே... சேறு ஒட்டியிருந்தது மிஸஸ் தோர்லி. துடைச்சு விட்டேன்."

"பிரஷ்ஷாலயா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. இது பிஸ்டனே இல்ல. பிஸ்டன் உங்க பையனோடயே போயிடுச்சு. நான்தான் ஏத்திவிட்டேன். பத்து வருஷமா உங்களை ஏமாத்திட்டோம்."

அழுகை வந்துவிட்டது. அவர் மெதுவாக நாய் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"முதல்ல உள்ள போய் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துட்டு வா. நக்கித் தொலைச்சா இதுக்கு வயித்தைக் கெடுக்கும். ஏம்பா, இதுக்கெல்லாம் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

சொல்லிவிட்டு, ஏப்ரன் பையிலிருந்து கறுப்பு ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்தார். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா? எப்போலேருந்து?"

"நீங்க கொண்டுவந்து விட்ட மூணாம் மாசமே வெள்ளை முடி முளைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? எதுக்கு வருஷா வருஷம் இதைப் பூசினீங்க?"

"வேற என்ன பண்றது? நாலு பேரும் வாசல்ல நுழைஞ்சதும் முதல்ல அந்தக் காலைத்தானே பாக்கறீங்க. அது கறுப்பா இருந்தாத்தான் உங்களுக்குக் கேக்கே தொண்டையில இறங்குது!"